முட்டிக்குக் கீழே ஒரு வண்டி

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. கூடுதல் இரண்டும் என் நாத்தனாருடைய பிள்ளைகள். அவள் போன பிறகு எங்கள் வீட்டிலேயே வளர்ந்தார்கள். இந்த ஆறு பேரும் குடித்த தண்ணீர், குளித்த தண்ணீர், இவர்கள் துணி துவைத்த தண்ணீர் எல்லாம் என் இடுப்பில் ஏறி வீட்டுக்கு வந்ததுதான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

பீர்க்கன்கரணையில் ஏரி இருக்கிறது, அங்கே தண்ணீருக்கு என்ன குறை என்று என்னைக் கட்டிக்கொடுத்தபோது எங்கள் வீட்டில் பேசிக்கொண்டார்கள். ஏரியைப் பார்க்கலாம். பானையில் ஊற்றிக் குடிக்க முடியுமா? எங்கள் தெருக் கிணறுகளில் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீருக்குத் தெருக்கோடியைத் தாண்டி ஓர் அடிபம்பு. காலையில் பத்துக் குடம், சாயங்காலம் நான்கு குடம். ஏழரை மணிக்கு நான் ஆயா வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியாக வேண்டும். வீட்டுக்காரர் குரோம்பேட்டைப் பக்கம் தோல் கம்பெனியில் இருந்தார். அவர் ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கிறவர். ஆகையால் தண்ணீர் என் வேலை.

நான் சொல்ல வந்தது ஒரு மனிதரைப் பற்றி. பெயரைச் சொல்லப் போவதில்லை. மற்ற வெல்டிங் கடைக்காரர்கள் செய்கிற இரும்பு கேட்டில் எல்லாம் மூலையில் கடைப் பெயரைத் தகட்டில் வெட்டி ஒட்டிவிடுவார்கள். இவர் ஒரு கேட்டில்கூட அதைச் செய்ததில்லை. அப்படிப்பட்டவர் பெயரை நான் எதற்கு இங்கே ஒட்டுவது? பெருங்களத்தூர் போகிற வழியில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்துகொண்டிருந்தார். கேட்டுக்கார அண்ணன் என்றுதான் தெருவில் கூப்பிடுவோம். நெருப்புப் பொறி பட்டுப் பட்டு அவர் சட்டையெல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை. கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டால் இறக்க மறந்துவிடுவார். அப்படியே பஸ் ஏறி மார்க்கெட்டுக்குப் போய்வருவார்.

எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கிரில் பொருத்த வந்தபோதுதான் முதலில் அவரோடு பேசினேன். ஞாயிற்றுக்கிழமை. நான் இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடத்தோடு வாசலுக்கு வந்து இறக்கினேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நான் முந்தானையை இழுத்துக்கொண்டேன். அவரோ, "அந்தக் குடத்த எறக்கினியே, இன்னொரு தபா எறக்கு பாக்கலாம்," என்கிறார். உள்ளேயிருந்த வீட்டுக்காரருக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. என்னய்யா பார்க்கிறாய் என்று சண்டைக்கே போய்விட்டார்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அவருடைய மனைவிக்கு இடுப்பு விட்டுப்போய், டாக்டர் பெல்ட்டு மாட்டிவிட்டிருந்தார். எதையும் இழுக்கலாம், தள்ளலாம், தரையிலிருந்து இடுப்புக்குத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். அன்று முதல் இந்த மனிதர் தண்ணீர் தூக்குகிற பெண்களைப் பார்த்துக்கொண்டே திரிந்திருக்கிறார். ஒரு வண்டி செய்ய வேண்டும், குடம் அதில் உட்கார வேண்டும், ஆனால் குடத்தை முட்டிக்கு மேல் தூக்கி வைக்கிறமாதிரி இருக்கக் கூடாது. இதுதான் அவருடைய கணக்கு. இதைச் சொல்லும்போது கையைத் தன் முட்டியில் வைத்துக்கொண்டுதான் சொல்வார்.

முட்டி எவ்வளவு உயரம் என்று தெரிய வேண்டுமே. ஓர் ஆம்பளை தெருவில் இறங்கிப் பெண்களுடைய முட்டியை அளக்க முடியுமா? அவர் மனைவி ஒரு மூங்கில் குச்சியையும் சாக்கட்டியையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார். குச்சியைப் பக்கத்தில் நிறுத்தி, புடவைக்கு மேலேயே தொட்டுப் பார்த்து, ஒரு கோடு. பதினோரு வீட்டில் பதினோரு கோடு. என் கோடு எல்லாவற்றுக்கும் மேலே. நான் உயரம். எதிர்வீட்டு லோகு கோடு எல்லாவற்றுக்கும் கீழே. எந்தக் கோட்டை எடுத்தார் தெரியுமா? லோகுவினுடையதை. அதற்கு மேல் போனால் அவளுக்கு ஆகாது, அதற்குக் கீழே இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்றார். தெரு முழுக்க வண்டி உருண்ட காலத்தில், எல்லாம் என் முட்டிதான் என்று லோகு தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள்.

முதல் வண்டி இப்படி இருந்தது: ஒரே வரிசையில் மூன்று வளையம், வளையத்துக்கு ஒரு குடம். லோகு கோட்டுக்குக் கீழேயே, தரையிலிருந்து ஒரு சாண் உயரம். அடியில் சின்னச் சின்ன ரப்பர் சக்கரம் நான்கு. முன்னால் இழுக்க நீளக் கம்பி. காலை ஐந்து மணிக்கு நான் அதை இழுத்துக்கொண்டு போனால் கடகடவென்று தெருவே எழுந்துகொள்ளும். ஒரு மாதத்துக்குள் எங்கள் தெருவில் ஒன்பது வண்டி.

வண்டி வாங்கினவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இவர் எதற்கும் முடியாது என்று சொல்லமாட்டார், முடியும் என்றும் சொல்லமாட்டார். "எழுதிக்கினேம்மா," என்பார். உண்மையாகவே எழுதுவார், கடை ஷட்டரின் உள்பக்கத்தில், சாக்கட்டியால். காலையில் ஷட்டரைத் தூக்கினால் எங்கள் குறையெல்லாம் சுருண்டு மேலே போய்விடும். சாயங்காலம் இறக்கினால் திரும்ப வந்து நிற்கும். நம்முடைய கம்ப்ளைண்டைச் சுருட்டி மேலே ஏற்றிவிடுகிறார் என்று லோகு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அவர் தினமும் இரண்டு தடவை அதைப் படித்தார் என்பது எனக்குத் தெரியும். நான் பார்த்திருக்கிறேன். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு உதடு அசையப் படிப்பார்.

படித்ததோடு விடவும் மாட்டார். சொன்னவர் வீட்டுக்கு வந்து, இழுத்துக் காட்டு என்பார். குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வார். முகத்தைப் பார்க்கமாட்டார். காலைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார். எனக்கு ஒரு தடவை கோபம் வந்து, வாயால் சொன்னால் பத்தாதா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னது:

"நீ சொல்றத எழுதிக்கறேம்மா. நீ பண்றத பாத்துட்டுத்தான் வெல்டு வெப்பேன்."

எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் வண்டிக்கு சைக்கிள் மணி வேண்டும் என்றார். மறுநாளே மணி வைத்தார். இன்னொரு அம்மாவுக்கு ரோஸ் பெயிண்ட். அதுவும் உடனே. கலரில் நான் தலையிடமாட்டேன் என்பார். ஆனால் மூன்றாவது வீட்டு சார், மூன்று குடம் போதாது, நான்காக்கிக் கொடுத்தால் ஒரே நடையில் முடியும் என்று வந்து நின்றபோது, யார் சார் இழுக்கிறது என்று அண்ணன் கேட்டார். வீட்டில்தான் என்றார் அவர். அண்ணன் நான்காவது குடத்தைக் கயிற்றால் வண்டியோடு கட்டினார். நான்கிலும் தண்ணீர் நிரப்பினார். கம்பியை அந்த சாருடைய கையில் கொடுத்து, ஏரித் திருப்பம் வரைக்கும் ஒரு நடை போய்வாருங்கள் என்று அனுப்பினார். சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தவர், மூன்றே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு நேரே வீட்டுக்குள் போய்விட்டார். அவர் மனைவி வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அவர் தப்பே செய்யாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். இழுக்கிற கம்பியை வெறும் கம்பியாகத்தான் வைத்திருந்தார். அது உள்ளங்கையை அறுத்தது. நாங்கள் யாரும் போய்ச் சொல்லவில்லை. ஆளாளுக்குக் கிழிந்த துணியைச் சுற்றிக்கொண்டோம், அவ்வளவுதான். ஒருநாள் பம்படியில் வரிசையாக நின்ற ஒன்பது வண்டியிலும் ஒன்பது துணி சுற்றியிருப்பதைப் பார்த்துவிட்டார். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மணி கேட்டீர்கள், பெயிண்ட் கேட்டீர்கள், கையை அறுப்பதை மட்டும் ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டார். கை அறுப்பதையெல்லாம் யாராவது போய் ஒரு குறையென்று சொல்வார்களா? அந்த வாரத்திலேயே ஒன்பது வண்டிக்கும் மொத்தமான குழாயில் கைப்பிடி மாற்றிக்கொடுத்தார்.

இப்போது நான் செய்ததற்கு வருகிறேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. எங்கள் தெரு மண் தெரு. ஏரிப் பக்கம் வேறு. கணுக்கால் வரைக்கும் சேறு. அந்தச் சின்னச் சக்கரம் நாலடி போகும், புதைந்துவிடும். ஒருநாள் மூன்று குடத்தோடு நடுத்தெருவில் நின்றுவிட்டது. இழுத்தால் வரவில்லை. வண்டியை அங்கேயே போட்டுவிட்டு, குடத்தை ஒவ்வொன்றாக இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு சேர்ந்து, பள்ளிக்கூடத்துக்கு மணியடித்த பிறகு போனேன். அங்கே நல்ல பாட்டு. சாயங்காலம் சேற்றுக் காலோடு நேராக அவர் கடைக்குப் போனேன். லோகுவும் இன்னும் நாலைந்து பேரும் பின்னாலேயே வந்தார்கள். மழை பெய்தால் படுத்துக்கொள்கிற வண்டி என்ன வண்டி, பெரிய சைக்கிள் சக்கரமாகப் போடுங்கள் என்று கேட்டேன்.

போட்டால் குடம் மேலே ஏறிவிடுமே என்றார்.

"ஏறட்டும். எங்களுக்கு இன்னா கை கால் இல்லியா? தூக்கி வெச்சிக்கிறோம்."

அவர் என்னைப் பார்த்தார். சாக்கட்டியை எடுத்து எழுதிக்கொண்டார்.

அதே சமயத்தில்தான் தாம்பரம் மார்க்கெட்டில் பாத்திரக் கடை வைத்திருந்த முதலாளி ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். தண்ணீர் வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டாராம். பொங்கலுக்குள் ஐம்பது வண்டி வேண்டும், ஆனால் சைக்கிள் சக்கரம் வைத்து, மேலே பலகை அடித்து, நான்கு குடம் நிற்கிறமாதிரி வேண்டும் என்றார். கடைக்கு வருகிற பொம்பளைகள் எல்லாம் அப்படித்தான் கேட்கிறார்கள், உன் தெருக்காரர்களே அதைத்தானே கேட்கிறார்கள் என்றார். அது பொய்யில்லை. நான்தானே கேட்டேன்.

ஐம்பது வண்டி என்றால் அவருக்கு அது எத்தனையோ கேட்டு, எத்தனையோ கிரில். மழைக்காலத்தில் வீடு கட்டுகிறவர்கள் குறைவு, கேட்டு வேலையும் கிடையாது. அவர் மனைவிக்கு அந்த ஆர்டர் வந்ததில் அவ்வளவு சந்தோஷம். கொட்டகை ஒழுகுகிற இடத்தில் எல்லாம் அண்டா வைத்துக்கொண்டிருந்தவர் அவர்.

அண்ணன் மாதிரிக்கு ஒரு வண்டி செய்தார். முதலாளி சொன்னபடியே. பெரிய சக்கரம் இரண்டு, அதன் மேல் பலகை. பலகை என் இடுப்புக்கு வந்தது. லோகுவுக்கு அதற்கும் மேலே. செய்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தெருவில் இருக்கிறவர்கள் நிஜமாகவே தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வைத்துப் பார்க்கட்டும், அவர்களால் முடிகிறதென்றால் நான் ஐம்பதும் செய்கிறேன் என்றார். முதலாளியும் சரி என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பம்படியில். மழை விட்டிருந்தது. முதலாளி ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு நின்றார். தெருப் பெண்கள் எட்டுப் பேர். அண்ணன் மனைவி பெல்ட்டு மேல் புடவையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். நான்தானே உயரம், நான்தானே சத்தம் போட்டவள்.

நிறை குடத்தைத் தரையிலிருந்து எடுத்தேன். முட்டி வரைக்கும் வந்தது. அதற்கு மேலே ஏற்றும்போது இடுப்புக்குள்ளே ஒரு கம்பியை யாரோ பிடித்து இழுத்தமாதிரி இருந்தது. பல்லைக் கடிக்கவில்லை. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. குடத்தைப் பலகையில் வைத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. கஷ்டமாக இருக்கிறதா என்று முதலாளி கேட்டார்.

"எனக்கின்னா கஷ்டம்? பூ மாதிரி கீது," என்றேன்.

அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னொரு குடம் வைக்கிறாயாம்மா என்று மெதுவாகக் கேட்டார். வைத்தேன். அதுவும் சிந்தவில்லை. அப்புறம் லோகுவை வைக்கச் சொன்னார். அவள் குடத்தை மார்வரைக்கும் கொண்டுபோய், அதற்கு மேல் ஏற்ற முடியாமல், பாதித் தண்ணீரைத் தன் மேலேயே கவிழ்த்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அக்கா இருக்கிறாங்களே, அவங்க ஏற்றிக் கொடுப்பாங்க என்றாள். நானும் விட்டேனா? தெருவில் முடியாதவர்களுக்கெல்லாம் நானே ஏற்றிக் கொடுக்கிறேன் என்று சொன்னேன். அப்படிச் சொன்னேன். எட்டுப் பேர் எதிரில், என் இடுப்பு கழன்றுகொண்டிருக்கும்போது.

முதலாளி கையைத் தட்டினார். அப்புறம் என்னய்யா, நாளைக்கே வேலையை ஆரம்பி என்றார்.

அண்ணன் எழுந்து லுங்கியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார். "என்னால முடியாது சார்," என்றார்.

முதலாளிக்குப் புரியவில்லை. "அந்தம்மாவே பூ மாதிரின்னு சொல்லிட்டாங்க. உனக்கு இன்னாய்யா?"

"அவங்க சொன்னாங்க சார். எனக்குத்தான் சரியா வரல. வேற ஆளப் பாத்துக்கங்க."

அவ்வளவுதான் சொன்னார். முதலாளி இரண்டு வார்த்தை திட்டிவிட்டு ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போனார். அண்ணன் மனைவி திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் பம்படியில் நின்று ஆளுக்கொன்று பேசினோம். கேட்டதும் நாம், சரி என்றதும் நாம், நடுவில் இந்த மனுஷனுக்கு என்ன திமிர் என்றாள் லோகு. அவளைவிட அதிகமாக நான் பேசினேன். தலைக்கனம் பிடித்தவர், ஊருக்கு வேண்டியதைச் செய்யமாட்டார், தன் மனசுக்கு வேண்டியதைத்தான் செய்வார் என்று அவர் காதுபடவே சொன்னேன். அவர் அந்த உயர வண்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானம் சோறு வடிக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. மூன்று நாள் பாயிலேயே கிடந்தேன். திரும்பிப் படுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. என்ன ஆயிற்று என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றேன். பிள்ளைகளுக்கும் அதே பதில். பள்ளிக்கூடத்துக்கும் அப்படியே சொல்லியனுப்பினேன்.

நான்காம் நாள் அண்ணனும் அவர் மனைவியும் பார்க்க வந்தார்கள். அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் புருஷனோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாத்ரூமில் விழுந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரர் இவர்களுக்கு டீ வாங்கப் போனார். அவர் தெருவில் இறங்கியதும் அண்ணன் பேசினார். அதிர்ந்து பேசவில்லை. கேட்டுக்கு அளவு சொல்கிறமாதிரி சொன்னார்.

"சேத்துல சக்கரம் மாட்டுதுன்னியே, அது நெசம். பூ மாதிரி கீதுன்னியே, அது நெசமில்ல. ரெண்டும் ஒரே வாயில வந்துச்சு. நான் எத எடுத்துக்கறது? உன் கால் கட்டவிரலு மண்ணுல பொதஞ்சி போச்சும்மா. நான் பாத்தேன்."

நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவர் மனைவி என் முகத்தைப் பார்த்தார், புருஷன் முகத்தைப் பார்த்தார். மூன்று நாள் கழித்து அவரிடம் வாயைத் திறந்தார். "இத அன்னைக்கே சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா கேடு?"

"எட்டு பேர் எதிர்ல எப்டி சொல்றது?" என்றார் அவர்.

அப்போதுகூட நான் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் பாத்ரூம்லதான் வுழுந்தேன்," என்றேன்.

"சரிம்மா. பாத்ரூம்லயே இருக்கட்டும்," என்றார். டீ வந்தது. குடித்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் என்னென்னவோ செய்து பார்த்தார். பெரிய சக்கரத்தை இரண்டு பக்கமும் வைத்தால் குடத்தைக் கீழே தொங்கவிடலாம். ஆனால் வண்டி அகலமாகிவிடும். எங்கள் வீடுகளின் சந்துக்குள் நுழையாது. அதைப் பிரித்தார். கடைசியில், குழந்தை சைக்கிள் சக்கரம் இரண்டை நெருக்கி நடுவில் வைத்து, முன்னால் ஒரு குடம், பின்னால் ஒரு குடம், இரண்டும் தரையை ஒட்டித் தொங்குகிறமாதிரி செய்தார். சேற்றில் சக்கரம் புதையவில்லை. சந்தில் நுழைந்தது. தூக்குகிற வேலையே இல்லை. ஆனால் இரண்டே குடம்.

முதல்நாள் ஒரு பக்கம் நான் குடத்தை வைத்ததும் அந்தப் பக்கம் தொபுக்கென்று இறங்கி, மறுபக்கம் தூக்கிக்கொண்டு லோகுவின் முழங்காலில் இடித்தது. லோகு திட்டின திட்டை எழுத முடியாது. அதையும் ஷட்டரில் எழுதிக்கொண்டார். என்ன எழுதினாரோ தெரியாது. மறுவாரம் இரண்டு பக்கமும் சைக்கிள் ஸ்டாண்டுமாதிரி மடக்குகிற கால் வைத்தார். நிற்கும்போது கால் தாங்கும், இழுக்கும்போது மடக்கிக்கொள்ளலாம். அதன் பிறகு சாயவில்லை.

சக்கரம் பெரிதானதும் குடம் குறைந்துபோச்சே என்று தெருவில் முணுமுணுப்பு இருந்தது. பழையபடி மூன்றே வேண்டும் என்று இரண்டு வீட்டில் புது வண்டி வாங்கவே இல்லை. அவரிடமே கேட்டார்கள். மூன்றாவது குடத்தை நான்தான் விட்டேன், சேறு நீங்கள் சொன்னது, முட்டி நான் சொன்னது, இரண்டையும் வைத்துக்கொண்டால் அதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்.

பாத்திரக் கடை முதலாளி வேறு ஆளை வைத்து உயர வண்டியைச் செய்து விற்றார். நன்றாகவே விற்றது. தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் அதைத்தான் நிறையப் பார்ப்பேன். பெண்கள் குதிகாலைத் தூக்கி எக்கிக்கொண்டு குடத்தை ஏற்றுவார்கள். எங்கள் அண்ணன் வண்டி எங்கள் தெரு, பெருங்களத்தூரில் நாலு தெரு, இவ்வளவோடு நின்றது. அதில் அவருக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கொட்டகை அடுத்த மழையிலும் ஒழுகியது. அந்த அம்மா அண்டாவை வைத்தார்.

நான் என்ன செய்தேன்? அந்த வண்டியைப் பார்த்து யார் கேட்டாலும், நான் சொல்லித்தான் அண்ணன் இப்படிச் செய்தார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மைமாதிரி ஆகிவிட்டது. ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் ஒரு அம்மா அவரிடமே கேட்டுவிட்டார், யாருங்க இந்த யோசனை சொன்னது என்று. நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன். அவர் நெற்றியில் இருந்த கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, என் பக்கம் கையைக் காட்டினார்.

"இந்தம்மா சொல்லித்தான் செஞ்சேன்."

கிண்டலாகச் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. யோசித்துப் பார்த்தால் அது முழுப் பொய்யும் இல்லை. சேற்றைச் சொன்னது என் வாய். மற்றதைச் சொன்னது என் கால். அவர் இரண்டையும் கேட்டுக்கொண்டார்.

தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு போர் போட்டார்கள். லாரித் தண்ணீரும் வந்தது. வண்டிகள் மெல்ல நின்றன. அவர் பொத்தேரிப் பக்கம் குடிபோய்விட்டார். அங்கே மாணவர் விடுதிகளுக்குக் கிரில் வேலை நிறைய என்று கேள்விப்பட்டேன். சில வருஷம் கழித்துச் சாவுச் செய்திதான் வந்தது. போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றைக்காவது அந்த அம்மாவிடம், அக்கா, நான் பொய்தான் சொன்னேன், என் ஜம்பத்தால்தான் உயர வண்டி சரி என்று ஆகி, உங்கள் வீட்டு ஆர்டரை அண்ணன் தன் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லவேண்டி வந்தது என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் நான் சொல்லவில்லை. சுற்றி நிறையப் பேர் இருந்தார்கள்.

இவ்வளவுதான், கண்ணு. பேனாவை வை. இப்போது மேலேயிருந்து வேண்டாம், அந்தப் பம்படி இடத்திலிருந்து எனக்குப் படித்துக் காட்டு. நான் பூ மாதிரி என்று சொன்னதை எழுதினாயா, பாட்டிக்கு அசிங்கம் என்று விட்டுவிட்டாயா? விட்டிருந்தால் எழுது. சத்தமாகப் படி. உன் அம்மா அடுப்படியில்தான் இருக்கிறாள். நான் பாத்ரூமில் விழுந்தேன் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறவள் அவள். அவள் காதிலும் விழட்டும்.